காவலர்களின் சந்தேகம்

பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த தலைப்பு ‘சிந்தனை வினா’. 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, பாடத்தின் கடைசியில் அது வரும். சரியான விடையைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு, குறுவினா, சிறுவினா எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி தனியாக நிற்கும். ‘இதுவரைக்கும் கேட்டதுக்கெல்லாம் விடை பாடத்துலயே இருக்கு, இதுக்கு மட்டும் நீயா யோசி’ என்று ஒரு பாடநூல் பிள்ளையிடம் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அந்தத் தலைப்பை அங்கே வைத்தவர்களுக்கு என் வணக்கம்.

அப்புறம் கடைக்குப் போய் ஒரு கைடு வாங்கிப் பாருங்கள். சிந்தனை வினாவுக்கும் விடை இருக்கும். நாலு பாயிண்ட், நம்பர் போட்டு.

கைடு போடுகிறவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கேள்வி என்றால் மதிப்பெண். மதிப்பெண் என்றால் திருத்துகிறவருக்கு ஒரு விடைக்குறிப்பு வேண்டும். நாற்பது பேர் நாற்பது விதமாக யோசித்து எழுதினால் ஒரே குறிப்பை வைத்து எப்படித் திருத்துவது? ஆகவே நாற்பது பேரும் ஒரே மாதிரி ‘யோசிக்க’ வேண்டியிருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் கைடு. இந்தச் சங்கிலியில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் சங்கிலியின் முடிவில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒன்றைத் தெளிவாகக் கற்றுக்கொள்கிறது: ஒரு கதையைப் பற்றி என் கண்ணுக்குத் தெரிவது முக்கியமில்லை, ஏற்கெனவே எவரோ பார்த்துவைத்ததுதான் முக்கியம்.

தமிழ்நாட்டில் வாசிப்பு பற்றிய பேச்சு இப்போது நிறையவே நடக்கிறது. 2023இல் பள்ளிக் கல்வித்துறை ‘வாசிப்பு இயக்கம்’ தொடங்கி, சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படியாகப் பிரித்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலை 15 அன்று மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. அங்கே பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இரண்டும் நல்ல காரியம். எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற பிள்ளைக்கு ‘நுழை’யும் ‘நட’யும் அவசரத் தேவை. என் கேள்வி ‘பற’வுக்கு அப்புறம் என்ன என்பது. சரளமாக வாசிக்கத் தெரிந்துவிட்டது. புத்தகத்தை மூடியாயிற்று. இப்போது அந்தப் பிள்ளையிடம் நாம் என்ன கேட்போம்? ‘கதையின் நீதி என்ன?’ என்றுதானே?

*

மதுரையில் வளரும் எந்தப் பிள்ளையும் சிலப்பதிகாரத்திலிருந்து தப்ப முடியாது. பழங்காநத்தம் பக்கம் ‘கோவலன் பொட்டல்’ என்று ஒரு இடம் இருக்கிறது, கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்பார்கள். அழகர்கோயில் சாலையில் இருக்கும் கடச்சனேந்தல் என்ற பெயரையே சிலம்போடு சேர்த்துச் சொல்கிற கதையும் ஊரில் உண்டு. பேச்சுப்போட்டி வைத்தால் யாராவது ஒரு பொண்ணு கையில் பொம்மைச் சிலம்போடு மேடை ஏறும். ஆறாம் வகுப்புப் பாடத்தில் நிலவையும் ஞாயிற்றையும் மழையையும் வாழ்த்தும் பகுதி இருக்கிறது. காப்பியத்தின் வாசல் அது. ஊர் எரிவது ரொம்ப உள்ளே.

உள்ளே போகுமுன்பே பிள்ளைக்கு மூன்று உண்மைகள் கிடைத்துவிடுகின்றன. அரசியலில் தவறியவனுக்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவார்கள், ஊழ்வினை விடாது துரத்தும். இது பாடநூல்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை, காப்பியத்தின் பதிகத்திலேயே இருக்கிறது. (பதிகம் பிற்காலத்தில் சேர்ந்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.) நூலே சொல்லிவிட்டதால் இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. முப்பது காதைகளும் அந்த மூன்று வரியோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இடங்கள்தான் எனக்குச் சிலப்பதிகாரம்.

கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்வோம். கோவலன் ஒற்றைச் சிலம்பை விற்கப் போகிறான். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடிவைத்திருக்கும் பொற்கொல்லன் அவனைப் பார்க்கிறான், இவனைத் திருடனாக்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், வழியில் பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் காவலர்களைக் கூப்பிட்டு உத்தரவு போடுகிறான். இதுவரை எல்லாருக்கும் தெரியும். சினிமாவிலும் மேடையிலும் அடுத்த காட்சி வெட்டு.

காப்பியத்தில் அப்படி இல்லை. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தையும் லட்சணத்தையும் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவன் மாதிரித் தெரியவில்லையே என்கிறார்கள். அவர்கள் கண்ணால் வாசித்துவிட்டார்கள். சரியாகவும் வாசித்துவிட்டார்கள்.

அப்போது பொற்கொல்லன் பேசத் தொடங்குகிறான். திருடர்களுக்குத் துணையாக இருப்பவை எட்டு என்று அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம். கூடவே திருடர்களின் சாமர்த்தியத்துக்கு ஒரு உதாரணக் கதை. எட்டு பாயிண்ட், நம்பர் போட்டு. கோவலன் எதிரிலேயே நிற்கிறான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து யாரும் அவனைப் பார்க்கவில்லை, பொற்கொல்லனின் விளக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். வேல் வைத்திருந்த ஒரு இளைஞன் தன் அனுபவத்தில் கண்ட ஒரு திருடனின் கதையைச் சொல்கிறான், விளக்கம் இன்னும் பலமாகிறது. காரியத்தை முடிக்காவிட்டால் அரசன் நம்மை வதைப்பானே, என்ன செய்யலாம் என்றும் அவனே கேட்கிறான். பயமும் வந்துவிட்டது. அவ்வளவுதான். கல்வியறியாத ஒரு குடிகாரன் வாளை வீசுகிறான்.

வெட்டியவன் படிக்காதவன் என்று இளங்கோ சொல்வதை நாம் சௌகரியமாகப் பிடித்துக்கொள்கிறோம். அங்கே சாஸ்திரம் பேசியவன் யார்? விஷயம் தெரிந்தவன், வரிசைப்படுத்தத் தெரிந்தவன், உதாரணம் சொல்லத் தெரிந்தவன், பொய்யன். நடுவில் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். தங்கள் சந்தேகத்தைக் கையில் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாததால் தோற்றார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் இலக்கியம் சொல்லித்தருவது எதற்கு என்று யாராவது கேட்டால் என் பதில் இந்தக் காட்சிதான். பிள்ளைக்குச் சந்தேகப்படக் கற்றுத்தர வேண்டியதில்லை, அது தானாக வரும். வந்த சந்தேகத்தை நல்ல தமிழில் எவனோ எட்டு பாயிண்ட் பேசியதும் கீழே போட்டுவிடாமல் இருக்கத்தான் பழக்க வேண்டும்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில், மதுரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். எல்லாரும் ஆறிலிருந்து எட்டு. நான் வாத்தியார் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு வாரத்தில் ஐந்து நாள் வேறு யாரோ எழுதிய நிரலை வாசித்து ‘இந்த வரி ஏன் இங்க இருக்கு?’ என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். கோட் ரிவ்யூவில் ‘நல்லா இருக்கு’ என்ற கமெண்டால் யாருக்கும் பயன் இல்லை. வரி நம்பரைச் சொல்லிக் கேட்கப்படும் கேள்விக்குத்தான் மதிப்பு. கதைக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம் என்பதைத் தவிர என்னிடம் பெரிய கல்விக் கொள்கை கிடையாது.

மதுரைக் காண்டத்தை உரைநடையில் சொல்லி, முக்கியமான இடங்களில் மூலத்தையும் சேர்த்து வாசித்தோம். வஞ்சினமாலையின் முடிவில் தீக்கடவுள் வந்து, இந்த ஊரில் யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். கண்ணகி ஆறு வகையினரைச் சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள். மூலத்தில் குழந்தைக்கு இருக்கும் சொல் ‘குழவி’.

ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி கேட்டாள்: “அண்ணே, குழவின்னா எத்தன வயசு வரைக்கும்? நாங்க வருவமா?”

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயசு. எரிகிற ஊரில் தான் எந்தப் பட்டியலில் இருப்போம் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறாள். எந்தக் கைடிலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை, ஏனென்றால் இது ‘பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர்’ என்ற விடையை நோக்கிப் போகவே இல்லை. ஆனால் இதைவிடச் சரியாக அந்தப் பகுதியை வாசிக்க முடியுமா? பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு வெளியே ஆள் உண்டு. பட்டியலில் இல்லாத ஒரு சாதாரண மனுஷன், மண்பானை செய்கிறவன், கூலிக்காரன், அவன் என்ன ஆனான்? ஏன் பட்டியலில் பார்ப்பார் முதலில்? இதெல்லாம் அடுத்தடுத்து வந்தன.

மாடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் அழற்படு காதையில் ஒன்றைப் பிடித்தான். கறவை மாடுகளும் கன்றுகளும் தீயில் சிக்காமல் ஆயர் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன என்று வருகிறது. “மாடு தப்பிச்சது மட்டும் கரெக்டா எழுதிருக்காருண்ணே. மாட்டுக்காரங்க பத்தி எழுதலயே?” கண்ணகிக்குத் தங்க இடம் கொடுத்தது ஆயர்குலத்து மாதரி என்பது ஞாபகமிருப்பவர்களுக்கு, கேள்வி எவ்வளவு தூரம் போகிறது என்று புரியும்.

தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறவரின் மகன் ஒருவன் அதுவரை பேசாமலே இருந்தான். பொற்கொல்லன் பகுதி வந்ததிலிருந்து மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், பாண்டியனுக்குப் பின் வந்த வெற்றிவேற்செழியன் ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலிகொடுத்தான் என்ற செய்தி வருகிறது. மேடைப் பேச்சில் நான் அதிகம் கேட்காத இடம். அதைச் சொன்னபோது அவன்தான் முதலில் வாய் திறந்தான். “ஒருத்தன் பண்ணுனதுக்கு ஆயிரம் பேரா? அவரு விசாரிக்காம கொன்னதுக்குத்தான ஊரே எரிஞ்சுச்சு. இவரும் விசாரிக்கலயே.”

அரசியலில் தவறியவனுக்கு அறம் எமன் என்ற முதல் உண்மையை அந்தப் பையன் காப்பியத்தின் மேலேயே திருப்பிப் போட்டுவிட்டான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான்தான் பொற்கொல்லன்.

மூன்றாவது உண்மைக்கும் இதே கதி நேர்ந்தது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறவியில் கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லவைத்தான், அந்த வினைதான் இப்போது வந்தது என்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: “விதின்னா அப்பறம் ராஜா மேல என்ன தப்பு? ராஜா மேல தப்புன்னா இது விதி இல்ல. ரெண்டும் எப்பிடிண்ணே?” தேர்வுத்தாளில் மூன்று உண்மைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால் முழு மதிப்பெண். இரண்டு ஒன்றையொன்று வெட்டுகிறதே என்று கேட்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் பெரிய பெரிய அறிஞர்கள் சிலப்பதிகாரத்தில் வைத்துத் திணறியதும் இதே முடிச்சுதான்.

*

‘அப்படீன்னா பிள்ளைங்க என்ன சொன்னாலும் சரியா?’ என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை.

எங்கள் ஊர் பட்டிமன்ற ஊர். சாலமன் பாப்பையாவின் ஊர். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவன் நான், அதன் நகைச்சுவையும் வேகமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் வாசிப்புக்கு அது நல்ல மாதிரி இல்லை. பட்டிமன்றத்தில் அணியை முதலில் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம்தான் நூலைத் திறக்கிறோம். ‘சிறந்தவள் கண்ணகியா மாதவியா’ என்று தலைப்பு வந்துவிட்டால், என் அணிக்கு உதவாத வரி என் கண்ணுக்கே படாது. இணையத்தில் நாம் போடும் சண்டைகளும் பெரும்பாலும் இதே ரகம். பிள்ளைகளை இதற்குள் தள்ளிவிட்டு ‘விமர்சனபூர்வமா யோசிக்கிறாங்க’ என்று கைதட்டுவது ஏமாற்று.

லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1938லேயே ‘லிட்ரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளொரேஷன்’ என்ற நூலில், இலக்கியத்தின் பொருள் காகிதத்தில் மட்டும் இல்லை, வாசகருக்கும் எழுத்துக்கும் இடையில் நடக்கிற ஒன்று என்று வாதாடினார். பலர் இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ‘அவரவர் வாசிப்பு அவரவர்க்கு’ என்று நிறுத்திவிடுவார்கள். அவர் அப்படி நிறுத்தவில்லை. வாசகருக்குத் தோன்றியதை எழுத்து தாங்குகிறதா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அவருடைய பாதிதான்.

திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு மதுரைத் தமிழில் ஒரே ஒரு கேள்வி போதும்: “எங்க இருக்கு? காட்டு.” கண்ணகி கோபத்தில் யோசிக்காமல் எரித்தாள் என்று ஒருவன் சொன்னான். எங்க இருக்கு, காட்டு. தேடினான். யாரை விடவேண்டும் என்ற பட்டியல்தான் கிடைத்தது. யோசிக்காதவள் எப்படிப் பட்டியல் போட்டாள்? அவன் தன் கருத்தை மாற்றிக்கொண்டான், முழுசாக இல்லை. “கோவத்துலயும் யோசிச்சிருக்கா, ஆனா எல்லாத்தையும் யோசிக்கல” என்றான். பன்னிரண்டு வயசில் இந்த ‘ஆனா’ வந்துவிட்டால் போதும்.

*

ஆசிரியர்களின் பாட்டையும் சொல்ல வேண்டும். நாற்பது நிமிஷ பீரியட், நிறைந்த வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், எமிஸில் ஏற்ற வேண்டிய விவரங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைகளோடு உட்காருகிறவன் அவர்களுக்குப் புத்தி சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த நாற்பது நிமிஷத்துக்குள்ளேயே செய்யக்கூடிய சில விஷயங்கள் உண்டு.

ஒன்று, வரிசையை மாற்றுவது. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளுக்குப் போகும் முன், வாசித்து முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுச்சீட்டில் ஒரு கேள்வி எழுதட்டும். பெயர் வேண்டாம். பெயர் இல்லாவிட்டால்தான் கடைசி பெஞ்சும் எழுதும். அதிலிருந்து ரெண்டே ரெண்டை எடுத்துப் பேசினால் போதும்.

இரண்டு, ‘ஏன்?’ என்று உடனே பாயாமல் இருப்பது. ஏய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1993இல் ‘டெல் மீ’ என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், பிள்ளைகளோடு புத்தகம் பற்றிப் பேசுவது எப்படி என்று. அவர் வைக்கும் அடிப்படைக் கேள்விகள் நாலுதான்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியாமல் குழப்பியது, எது திரும்பத் திரும்ப வந்தது. ‘ஏன்’ என்ற கேள்வி பிள்ளைக்கு விசாரணை மாதிரி இருக்கும், அதற்குப் பதில் ‘சொல்லு’ என்று தொடங்குங்கள் என்பார். நம்ம ஊரில் ‘ஏன்டா?’ என்றாலே தப்பு செய்துவிட்டோம் என்றுதான் அர்த்தம், ஆகவே நமக்கு இது இன்னும் பொருந்தும். நாலில் மூன்றாவதுதான் எனக்குத் தங்கம். ‘புரியல’ என்று சொல்வது அவமானமாக இருக்கும் வகுப்பறையில், புரியாததையும் ஒரு கண்டுபிடிப்பாகக் கேட்டு வாங்குகிறது.

மூன்று, மூலத்தைக் கையில் கொடுப்பது. மொத்தமும் வேண்டாம், பத்து வரி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சிலப்பதிகாரம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய, உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சிட்ட களஞ்சியம். ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மூலம் முழுக்கப் புரியாதுதான். ஆனால் ‘குழவி’ என்ற ஒரு சொல் புரிந்ததே போதுமானதாக இருந்தது. சுருக்கத்தில் அந்தச் சொல் ‘அப்பாவிகள்’ என்று மாறியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

இப்படி வாசித்தால் தேர்வு என்ன ஆகும் என்பது பெற்றோரின் கேள்வி, நியாயமான கேள்வி. ஒன்றும் ஆகாது. மூன்று உண்மைகளை எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகளும் எழுதுவார்கள். எழுதும்போது அது பதிகம் சொல்வது, நான் கண்டது வேறு என்று தெரிந்தே எழுதுவார்கள். விடை வேறு, வாசிப்பு வேறு என்ற இந்தப் பிரிப்பு மட்டும் அவர்களிடம் தங்கினால், கைடு வெறும் கைடாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டு: கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்குக் காப்பியத்தின் மேல் மரியாதை போய்விடாதா? வழக்குரை காதை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அரசவையில் கண்ணகி நீளமாக விளக்கம் சொல்லி ஜெயிக்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்துப் பார்க்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. எங்க இருக்கு, காட்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் எனக்குத் தெரியாது. காவலர்களிடம் வெறும் சந்தேகம் இருந்தது, அவளிடம் சந்தேகமும் சான்றும் இருந்தன. கண்ணகியை மதிக்கிறோம் என்றால் அவள் செய்ததைத்தானே பிள்ளைகளும் செய்ய வேண்டும்?

எங்கள் குழுவில் விடை கிடைக்காத கேள்விகளை எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘குழவி – எத்தனை வயசு?’ என்று இருக்கிறது. பட்டினப்பாலையிலும் புறநானூற்றிலும் அந்தச் சொல் எப்படி வருகிறது என்று தேடலாம் என்று ஒரு பையன் கீழே பென்சிலில் எழுதியிருக்கிறான். நான் சொல்லித்தரவில்லை.